பழைய கார் வாங்கக் கடன் கேட்டால்: குழு பார்க்க வேண்டிய கணக்கு



செஞ்சி வட்டாரக் குழுக்களில் மாட்டுக்கடன், தையல் மெஷின் கடனோடு இப்போது இன்னொரு கடனும் தீர்மான நோட்டில் ஏறுகிறது. "வீட்டுக்காரர் பழைய மாருதி வேன் ஒண்ணு பாத்திருக்கார், அறுபதாயிரம்தான் சொல்றாங்க." ஆசை நியாயமானதுதான். பூக்கூடை, காய்கறி ஏத்தலாம். மேல்மலையனூர் அமாவாசைக்குக் குடும்பத்தோடு போகலாம். ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் அடுத்தவரிடம் கெஞ்ச வேண்டாம். ஆனால் அந்த அறுபதாயிரம் வண்டியின் முதல் விலைதான். இரண்டாவது விலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதலில் கடனைப் பார்ப்போம். 60,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 20 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசல் 3,000, வட்டி 600, ஆக 3,600 கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மொத்த வட்டி 6,300 வரும். இதுவரை எல்லாரும் போடும் கணக்குதான்.

இனி வண்டி கேட்கும் காசு. தேய்ந்த டயர் நான்கையும் மாற்றினால் பத்தாயிரத்தை ஒட்டி ஆகும். பேட்டரி நாலாயிரம். கிளட்ச், பிரேக் வேலை தனி. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த விலைப்படி வருடம் 2,094 ரூபாய், வரி தனி. இது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்குத்தான். நம் வண்டி நொறுங்கினால் ஒரு பைசா வராது. புதிதாக வாங்கியதிலிருந்து 15 வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. ஆகவே 2011-ல் பதிவான வண்டியை விற்பவர் ஏன் 2026-க்குள் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று யோசியுங்கள்!

சின்ன மாருதி வண்டி என்றால் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். அதே அறுபதாயிரத்துக்குப் பெரிய டீசல் கார் கிடைக்குதுன்னு சொன்னால்தான் பயப்பட வேண்டும். டீசல் பம்பு, இன்ஜெக்டர் வேலை ஒரு தடவை வந்தால் வண்டி விலையில் பாதியை விழுங்கிவிடும். அதனால்தான் அது மலிவாக வருகிறது.

மலிவுக்கு இன்னொரு காரணம் வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீரில் முங்கிய கார்கள் ஏராளம். 2023-ல் மிக்ஜாம் புயலிலும் அப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் நம் மாவட்டத்தையே புரட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. முங்கிய வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருக்கும். கால்மிதியைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் திருகாணி துருவேறி இருக்கிறதா பாருங்கள். இதற்கெல்லாம் மெக்கானிக் படிப்பு வேண்டாம், அரிசி வாங்கும்போது நாம் பார்க்காத பார்வையா? இன்ஜினுக்கு மட்டும் மெக்கானிக் வரட்டும். விற்பவரின் ஆள் வேண்டாம், நாமே கூலி கொடுத்துக் கூட்டிப்போகும் ஆள்தான் வேண்டும். வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து பேப்பர். நம் பக்கம் பி.ஒய். நம்பர், அதாவது பாண்டிச்சேரி வண்டி நிறைய விலைக்கு வருகிறது. அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து ஓட்ட, அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் பழைய நம்பரிலேயே ஓட்ட முடியாது. அந்த வரியையும் விலையோடு கூட்டினால்தான் உண்மை விலை. வண்டி மேல் பைனான்ஸ் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் தெரியும். பாக்கி தீர்ந்த சான்று இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியை நடு ரோட்டில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், தவணையை நாம்தான் கட்டிக்கொண்டிருப்போம்.

எனக்கு உறுத்தும் விஷயம் இதுதான்: கடன் நம் பெயரில், ஆர்.சி. யார் பெயரில்? பல வீடுகளில் கணவர் பெயரில்கூட இல்லை, பழைய ஓனர் பெயரிலேயே ஓடுகிறது. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 என்பார்கள். இன்சூரன்ஸ் பெயரை 14 நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். தவணை கட்டுகிறவர் பெயரிலேயே ஆர்.சி. இருக்கட்டும் என்று குழு நிபந்தனை போட்டால் தப்பில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே ஓனர், விபத்து நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நாளைக்கு வீட்டுக்காரர் வண்டியை வேறு ஆளுக்கு விற்றாலும், பெயர் மாறாதவரை வழக்கு நம் வாசலுக்குத்தான் வரும்.

"சவாரி ஓட்டியே தவணையைக் கட்டிடுவோம்" என்பவர்களுக்கு: ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. பிடித்தால் அபராதம். அந்தச் சவாரியில் அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். சவாரி வருமானத்தை நம்பிக் கடன் கேட்டால் டி போர்டு வண்டியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு பெர்மிட், எப்.சி. என்று செலவு வேறு மாதிரி.

அடுத்த கூட்டத்தில் செய்ய: ஏற்கனவே வண்டிக்கடன் வாங்கிய உறுப்பினர்கள் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் எடுத்து வாருங்கள். இரண்டிலும் யார் பெயர், எந்தத் தேதி வரை என்று, எழுத்துக்கூட்டியாவது, கடன் வாங்கியவரே சத்தமாகப் படிக்கட்டும்.