தீர்ந்துபோன பாட்டரி வீட்டில் எங்கே கிடக்கிறது?



டார்ச் லைட் மங்கினால் கட்டையைக் கழற்றி வெயிலில் வைப்போம். அப்படியும் எரியாவிட்டால் ஜன்னல் திண்டில் போட்டுவிடுவோம். "அதான் தீர்ந்து போச்சே, அதுல என்ன இருக்கு?" என்பீர்கள். விளக்கு எரிய அதில் சக்தி போதாது. கெடுதல் செய்யப் போதும்.

முதலில் பொத்தான் பாட்டரியைச் சொல்ல வேண்டும். பழைய நாலணாக் காசு அளவில், தட்டையாக, பளபளவென்று இருக்கும். சின்ன ரிமோட்டிலும், எடை பார்க்கும் மெஷினிலும், திருவிழாக் கடையில் வாங்கும் மின்னும் பொம்மையிலும் இருப்பது இதுதான். தவழும் குழந்தை கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போடும். இது உணவுக் குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாயும். சுண்ணாம்பு நீர் போன்ற கடுங்காரம் உண்டாகி அந்த இடத்துச் சதையை வேகவைக்கும். 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் ஏற்படலாம். குழாயில் ஓட்டை விழுந்து குழந்தை இறந்ததும் உண்டு. தீர்ந்த பாட்டரியாலும் இது நேரும்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் சளித் தொந்தரவு என்றே தோன்றும். எச்சில் ஒழுகும், சோறு வேண்டாம் என்னும், இருமும், மூச்சு கரகரக்கும். பாட்டரி ஒன்றைக் காணோம் என்ற சந்தேகமே போதும், கிளம்பிவிடுங்கள். "வாழைப்பழம் குடு, நாளைக்குத் தானா வெளிய வந்துடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். காசு என்றால் வந்தாலும் வரும். இது காசு அல்ல. பழம் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், முழுங்கவும் முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் புண்ணின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தேனைத் தேடி நேரத்தை விடாதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மூக்கிலோ காதிலோ பாட்டரியைப் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

ஆகவே பாட்டரியைக் கழற்றியவுடன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். தகர டப்பா வேண்டாம். அடுப்புக்குத் தள்ளி, பிள்ளை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். நெருப்பில் எறிந்தால் வெடிக்கும். டப்பா நிறைந்ததும் மற்ற குப்பையோடு சேர்க்காமல் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள்.

டிராக்டர், பைக், இன்வெர்ட்டர் பாட்டரி வேறு வகை. உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கின்றன. வலைக்கு ஈயக் குண்டு வார்க்கலாம் என்று வீட்டில் உடைத்து உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் தூசியும் வாசல் மண்ணில் தங்கும், பிள்ளையின் கை வழியே வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுச் சிசுவுக்கும் போகும். இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. செனகல் நாட்டில் டாக்கார் நகரை ஒட்டிய தியாரோயே என்ற ஊரில் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். ஈயம் கலந்த மண்ணைச் சலித்தும் பிழைத்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தன.

வீட்டுக்காரர் பாட்டரிக் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்தால், கைகால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பழைய பாட்டரியை உடைக்காமல், ஆசிட்டைக் கொட்டாமல், நிமிர்த்தியபடியே கொண்டுபோய், புதியது வாங்கும் கடையில் கொடுங்கள். அதற்கு விலை கழித்துக் கொள்வார்கள். விற்ற பாட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லலாம். அவர் அதை எங்கே கொண்டுபோய் உடைப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. பொம்மை வாங்கும்போது பாட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வீட்டில் மூடி கழன்ற பொம்மை கிடந்தால் இன்று ராத்திரியே பாட்டரியை எடுத்துவிடுங்கள்.