தெலுக் பங்லிமா காராங் எந்த மாநிலத்தில் உள்ளது?

மாணவர்களே, கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில் உள்ள ஊர் தெலுக் பங்லிமா காராங். மேலே உள்ள கேள்விக்கு நீங்கள் நொடியில் ‘சிலாங்கூர்’ என்பீர்கள். கணினி அதே விடையைத் தரவுத்தளத்திலிருந்து எப்படி எடுக்கும்?

2012இல் தொடங்கிய விக்கித்தரவை எடுத்துக்கொள்வோம். அதில் கட்டுரைகள் கிடையாது. மூன்று பகுதி கொண்ட சிறு கூற்றுகள்தாம் உண்டு. நம் ஊருக்கு இந்த இரண்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

தெலுக் பங்லிமா காராங் – அமைந்துள்ள நிர்வாகப் பகுதி – கோலா லங்காட்
கோலா லங்காட் – அமைந்துள்ள நிர்வாகப் பகுதி – சிலாங்கூர்

உள்ளே எல்லாவற்றுக்கும் எண் உண்டு. மலேசியா என்றால் கியூ833; ‘அமைந்துள்ள நிர்வாகப் பகுதி’ என்ற உறவு பி131. இந்தத் தரவிடம் ‘ஸ்பார்க்கிள்’ என்ற வினவல் மொழியில்தான் கேட்க வேண்டும். நம் தமிழ்க் கேள்வியை மென்பொருள் அம்மொழிக்கு மாற்ற வேண்டும்.

முதலில் இலக்கணம். ‘மாநிலத்தில்’ என்பதில் ‘அத்து’ சாரியை, ‘இல்’ ஏழாம் வேற்றுமை உருபு. இரண்டையும் கழித்தால்தான் ‘மாநிலம்’ கிடைக்கும். தமிழ்ப் பாடத்தில் நீங்கள் அலுத்துக்கொண்டே செய்யும் அதே வேலை!

அடுத்து ஊர்ப்பெயர். சிக்கல் இங்கேதான். இந்தக் ‘காராங்’, ‘காந்தி’யில் வரும் ககர ஒலியோடு தொடங்கும்; மலாயில் ‘மூர்க்கமான’ என்று பொருள். ‘கல்’லில் வரும் ககர ஒலியோடு சொன்னால் பவளப்பாறை. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் தஞ்சோங் காராங் என்றோர் ஊர் உண்டு, நெல்வயல்களுக்குப் பெயர் போனது. மென்பொருள் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அங்கே போய்விட்டால்? அப்போதும் விடை சிலாங்கூர்தான்! தவறு நடந்ததே தெரியாது. ‘எந்த மாவட்டம்?’ என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். விடை சரியாக வந்ததால் வினவலும் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, உறவு. பி131ஐ ஒரு முறை பின்தொடர்ந்தால் கோலா லங்காட்டில் நின்றுவிடுவோம், அது மாவட்டம். ஸ்பார்க்கிளில் உறவுக்குப் பின் ‘+’ போட்டால் ‘ஒரு முறையோ பல முறையோ போ’ என்று பொருள். அப்படிப் போட்டால் கோலா லங்காட், சிலாங்கூர், மலேசியா என மூன்றும் வந்து நிற்கும். ஆகவே இன்னொரு நிபந்தனை வேண்டும். ‘இது எந்த வகை?’ என்பதைச் சொல்லும் உறவு பி31.

தெலுக் பங்லிமா காராங் – பி131+ – ?விடை
?விடை – பி31 – மலேசிய மாநிலம்

இரண்டு வரிக்கும் பொருந்துவது சிலாங்கூர் மட்டுமே.

இனி உங்கள் முறை. ‘கோலாலம்பூர் எந்த மாநிலத்தில் உள்ளது?’ 1974 பிப்ரவரி 1 முதல் அது கூட்டரசுப் பிரதேசம்; ஆகவே வினவல் வெறுங்கையோடு திரும்புவதுதான் சரி. ‘1970இல் எந்த மாநிலத்தில் இருந்தது?’ என்றால் சிலாங்கூர் என வரவேண்டும். விக்கித்தரவில் ஒரு கூற்றோடு தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் இணைக்கலாம். அப்படியானால் வினவலில் என்ன சேர்ப்பீர்கள்? தாளில் எழுதிப் பாருங்கள்.