அணைந்த பிறகும் ஒட்டியிருக்கும் கரி

ஆரணியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பாவு, ஜரிகை, சாயமேற்றிய பட்டு எல்லாம் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளும் உண்டு. அங்கே தீப்பிடித்தால் ஓடிவரும் தீயணைப்பு வீரர்களைப் பற்றி நாம் நம்புகிற சில விஷயங்கள் அவர்கள் ஆயுளைக் குறைக்கின்றன.

நம்பிக்கை: அவர்களுக்கு ஆபத்து நெருப்பும் இடிபாடும்தான்.

உண்மை: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமாவுக்கும் போதிய சான்று இருக்கிறது. பின்னதற்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் நார். சூடேறிய ஷீட் படபடவென வெடிக்கும் சத்தம் தெருவுக்கே கேட்கும். பறக்கும் நார் கண்ணுக்குத் தெரியாது. நோய் தலைகாட்ட 20, 40 ஆண்டுகள்கூட ஆகும்.

சிறுநீர்ப்பை விஷயம் சாயம் தோய்க்கும் ஊருக்குப் புரிய வேண்டும். 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்தக் கட்டிகளைக் கண்டு சொன்னார். உடம்புக்குள் போன நஞ்சைச் சிறுநீரகம் வடித்து அனுப்ப, அது பையில் தேங்கி நிற்கிறது. புகைக் கரிக்கும் அதே வழிதான்.

நம்பிக்கை: பட்டு இயற்கை நூல், அதன் புகை கெடுதல் செய்யாது.

உண்மை: பட்டு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அது அப்போதே ஆளைச் சாய்க்கும். எந்த நூலானாலும், வைக்கோலானாலும், அரைகுறையாக எரிந்தால் புற்றுநோய் தரும் சேர்மங்கள் புகையில் கலக்கும். 2017 மே 31-இல் சென்னை தி.நகர் ஜவுளிக்கடையில் பற்றிய தீயோடு வீரர்கள் ஒரு நாளுக்கும் மேல் போராடினார்கள். அவ்வளவு நேரமும் புகை.

நம்பிக்கை: மூக்கில் ஈரத்துண்டு கட்டினால் போதும்.

உண்மை: துண்டு கொஞ்சம் தூசியைப் பிடிக்கும், வாயு உள்ளே போய்விடும். மூச்சுக்கருவிதான் காக்கும். தீ அடங்கியதும் அதைக் கழற்றிவிட்டுக் கங்கு கிளறுவது பெரிய தவறு.

நம்பிக்கை: கரி படிந்த உடுப்பு வீரத்தின் அடையாளம்.

உண்மை: அந்தப் பெருமிதம் எனக்கும் புரிகிறது. ஆனால் கரியைத்தான் 1775-இலேயே பெர்சிவல் பாட், லண்டன் புகைபோக்கி துடைப்பவர்களின் புற்றுநோய்க்குக் காரணமாகக் காட்டினார். தோல், குறிப்பாகக் கழுத்து, அதை உறிஞ்சும். சம்பவ இடத்திலேயே சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு உடுப்பைத் தேய்த்தால், 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, படிந்த நச்சில் சுமார் 85 சதவீதம் போய்விடுகிறது. முகம், கழுத்து, கைகளை அங்கேயே துடைக்க வேண்டும். நிலையத்துக்குத் திரும்பியதும் குளியல். உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் துணியோடு ஊறப்போடவே கூடாது. மாற்று உடுப்பும் துவைக்க இயந்திரமும் ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசு தர வேண்டும். அவை இல்லாதவரிடம் சுத்தம் பேசுவது நியாயமில்லை.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வுபெற்று எத்தனை வருடமானாலும் சரி, தீயணைப்பில் இருந்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.