இறக்கக்கண்டி நெத்தலியும் நம் பிள்ளைகளின் புரதமும்



சென்ற லீவில் திருகோணமலைப் பக்கம் போயிருந்தேன். நிலாவெளியைத் தாண்டினால் இறக்கக்கண்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கரையில் நெத்தலி காயப்போட்ட ஒரு அம்மாவிடம், மலைநாட்டுத் தோட்டத்தில் வேலை என்றேன். "எங்கட கருவாட்ட உங்கட புள்ளையள் சாப்பிடுறதோ தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நம் லயங்களில் கருவாட்டுத் துண்டு முதலில் அப்பாவின் கோப்பைக்குத்தானே போகுது! பிள்ளைக்குக் குழம்பு, அம்மாவுக்குச் சட்டியில் மிஞ்சினது.

புரதம் எதற்கு?

மாச்சத்து வேலை செய்யப் பலம் தரும். புரதமோ தசையையும் இரத்தத்தையும் கட்டும், காயத்தை ஆற்றும், நோயை எதிர்க்கும். பெரியவர்களுக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளுக்குச் சுமார் 0.8 கிராம் வேண்டும். 50 கிலோ நிறை என்றால் 40 கிராம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இன்னும் கூட வேண்டும்.

எதில் எவ்வளவு? (சுமாராக)

அரிசி 100 கிராமில் 7 கிராம்
கோதுமை மா 100 கிராமில் 10 கிராம்
பருப்பு 100 கிராமில் 24 கிராம்
முட்டை ஒன்றில் 6 கிராம்
நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடியில் (20 கிராம்) 10 கிராம்

"ரொட்டியிலயும் இருக்குதே, போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு. பருப்பில் அது நிறைய. அதனால் ரொட்டிக்குச் சம்பல் மட்டும் வைக்காமல் பருப்பும் வையுங்கள்.

வீக்கம் கொழுப்பல்ல

இன்றைய கானாவில் வேலை செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1935இல் குவாஷியோர்கர் என்ற நோயைப் பற்றி எழுதினார். தம்பி தங்கை பிறந்ததும் தாய்ப்பால் நின்று, சோளக் கூழ் மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு வந்த நோய் அது. கால் வீங்கும், முடி வெளிறும். புரதக் குறைவு மட்டுமே காரணம் அல்ல என்று இன்று சொல்கிறார்கள். ஆனாலும் கால் வீங்கின பிள்ளையை "நல்லா கொழுத்திருக்கான்" என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

1. கருவாடோ முட்டையோ, முதலில் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும்.
2. கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், உப்புக் குறையும்.
3. கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா சோளமும் சோயாவும் சேர்ந்தது. 1973இல் தொடங்கிய திட்டம். யார் பெயருக்குத் தந்தார்களோ அவருக்கே கொடுங்கள்; வீட்டில் எல்லாரும் பங்குபோட்டால் ஒருவருக்கும் பயனில்லை.
4. பிளேன்ரீயில் புரதம் இல்லை. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

அடுத்த முறை அந்த அம்மாவைக் கண்டால், "ஓம் அம்மா, புள்ளைகளுக்குத்தான் முதல்ல" என்று நான் சொல்ல வேண்டும். இன்று இராச் சாப்பாட்டிலேயே தொடங்குவோம்.