சிடி டிரைவ் இல்லையா? சிடி உள்ளேயே இருக்கு!



செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டல் திறந்ததும் ஒரு காட்சியை வருஷா வருஷம் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் பையிலிருந்து ஒரு சின்ன லேப்டாப்பை எடுப்பான். மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னம் இருக்கும். அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. பட்டனை அமுக்கிவிட்டு மெஸ்ஸில் டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்.

இந்த வருஷம் அப்படி வந்த தம்பி உசிலம்பட்டி பக்கம். பெரியார் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில் ஏற்கனவே காட்டியிருக்கிறான். "இதுல சிடி டிரைவே இல்லையேப்பா, வெளிய இருந்து டிரைவ் மாட்டித்தான் ஓஎஸ் போடணும், ஆயிரம் ரூபா ஆகும்" என்று சொன்னார்களாம்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலான சின்ன லேப்டாப்பை ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோக சிடியும் வேண்டாம், ஆயிரம் ரூபாயும் வேண்டாம். ஆனால் ரீஸ்டோர் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டு நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அதையும் சொல்கிறேன்.

சிடி எங்கே போச்சு?

2007ல் ஆசஸ் கம்பெனி ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பை விட்டது. 7 இன்ச் திரை, சிடி டிரைவ் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்குள் ஒரு டிவிடி இருந்தது, அதைப் போடத்தான் மெஷினில் இடமில்லை. ஆனால் ஆன் ஆகும்போது எஃப்9 அமுக்கினால் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பும் வசதியை உள்ளேயே வைத்திருந்தார்கள். மற்ற பல கம்பெனிகளும் இதே மாதிரி வசதியைத் தந்தன. ஹார்ட் டிஸ்கில் ஒரு பகுதியைப் பிரித்து, அதில் ஓஎஸ், டிரைவர் எல்லாவற்றையும் போட்டு, நம் கண்ணில் படாமல் மறைத்து வைத்துவிடுவார்கள். இதுதான் ரெகவரி பார்ட்டிஷன்.

நம்ம ஊருக்கு வருவோம். 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பித்தது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு, பல கம்பெனிகளிடமிருந்து வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் வந்த பல மெஷின்களில் விண்டோஸோடு, சென்னை சிடாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. மாடல் வருஷத்துக்கு வருஷம் மாறியது. பின்னால் வந்த லெனோவோ மாடல்களில் சிடி டிரைவ் இல்லை. அந்த மெஷின்கள்தான் இன்னும் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி வீடுகளில் பீரோ மேல் தூங்கிக்கிட்டு இருக்கு.

கடையில் கொடுத்தால் என்ன தப்பு?

எல்லாக் கடையும் ஒன்றல்ல. நல்லா செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் வேலை முடிக்கிற இடங்களில் நடப்பது இதுதான்: எல்லா பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு, கிராக் பண்ணிய விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மெஷின் ஓடும், நமக்கும் சந்தோஷம். ஆனால் மறைத்து வைத்திருந்த ரெகவரி பார்ட்டிஷன் அதோடு போய்விடும். அந்த லேப்டாப்போடு ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸும் வந்திருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தாச்சு. அதை விட்டுவிட்டு, வைரஸ் இருக்கா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்கு நாம் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

லைசென்ஸ் எங்கே இருக்கிறது? விண்டோஸ் 7 மெஷினில் அடியில் அல்லது பேட்டரிக்குக் கீழே ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். விண்டோஸ் 8லிருந்து கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. ஹார்ட் டிஸ்கையே மாற்றினாலும் அது போகாது.

முதல் வேலை: காப்பி

நான் செகண்ட் இயர் படிக்கும்போது அக்காவின் லேப்டாப் படுத்துவிட்டது. இதே மாதிரி அரசு லேப்டாப்தான், விண்டோஸ் 7. அக்கா குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் வீட்டில் இன்ஜினியர் ஆச்சே! டி டிரைவில் இருந்ததை எல்லாம் பென் டிரைவில் காப்பி பண்ணிவிட்டு, ரெகவரி கீயை அமுக்கி, ஒன்றரை மணி நேரத்தில் புது மெஷின் மாதிரி ஆக்கிவிட்டேன். பெருமையாக இரண்டு கேமையும் இன்ஸ்டால் பண்ணி வைத்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து திறந்து பார்த்துவிட்டு, "நோட்ஸ் ஃபோல்டர் எங்கடா?" என்றாள். "டி டிரைவ்ல இருக்குக்கா" என்றேன். "டெஸ்க்டாப்லல இருந்துச்சு..."

டெஸ்க்டாப் என்பது தனி இடம் இல்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி டிரைவுக்குள் இருக்கும் ஃபோல்டர்கள். நான் அழித்தது அந்த சி டிரைவைத்தான். இரண்டு வருஷமாக அவள் டைப் பண்ணிய நோட்ஸ் முழுசும் போச்சு. அக்கா திட்டவில்லை. மறுநாள் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பாடத்திலிருந்து கையால் எழுத ஆரம்பித்தாள்.

அதனால் இந்தப் பட்டியலை விட்டுவிடாதீர்கள்:

1. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ். ஒரே மெஷினில் அண்ணன், தங்கச்சி என்று இரண்டு மூன்று யூசர் இருந்தால் ஒவ்வொருவர் ஃபோல்டரும்.

2. டி டிரைவும்தான். சில மெஷினில் ரெகவரி சி டிரைவை மட்டும் அழிக்கும், சிலதில் முழு டிஸ்கையும் அழித்துவிடும்.

3. ஃபான்ட்ஸ். வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்டில் டைப் பண்ணிய தமிழ் ஃபைல் இருந்தால் அந்த ஃபான்டையும் காப்பி பண்ணுங்க. இல்லையென்றால் ஃபைல் பத்திரமாக இருக்கும், திறந்தால் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

4. பிரவுசரில் சேவ் பண்ணிய பாஸ்வேர்டு, புக்மார்க்.

5. வை-ஃபை டிரைவர். கம்பெனி சைட்டில் உங்கள் மாடல் நம்பரைப் போட்டு டவுன்லோட் பண்ணி, தனியாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நெட்டே வராவிட்டால் இது உயிர் காக்கும்.

காப்பி முடிந்ததும் பென் டிரைவை வேறு ஒரு சிஸ்டத்தில் போட்டு, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். லேப்டாப்புக்கு உரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.

விண்டோஸே ஆன் ஆகவில்லையா? லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் பண்ணாமல் அதிலிருந்தே பூட் பண்ணினால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கைத் திறந்து காப்பி பண்ணலாம்.

இரண்டாவது வேலை: கரண்ட்

பழைய லேப்டாப்பில் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும், சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ரீஸ்டோர் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸ் பழையதும் இல்லை, புதுசும் இல்லை என்று ஆகிவிடும். பேப்பரில் வரும் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். யுபிஎஸ் இருக்கும் இடம் என்றால் இன்னும் நல்லது. ஹார்ட் டிஸ்க் மெஷினில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகலாம்.

வழி 1: விண்டோஸ் 10, 11

செட்டிங்ஸ் போங்க. 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதில் ரெகவரி. 11 என்றால் சிஸ்டம், அதில் ரெகவரி. இரண்டிலும் "ரீசெட் திஸ் பிசி" இருக்கும். அது இரண்டு கேள்வி கேட்கும்.

முதல் கேள்வி: ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா? "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்தால் உங்கள் ஃபைல் நிற்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் போய்விடும். "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுத்தால் எல்லாம் போய்விடும். மெஷினை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் இரண்டாவதை எடுத்து, டேட்டாவை முழுசாகச் சுத்தம் பண்ணும் ஆப்ஷனையும் ஆன் பண்ணுங்க.

இரண்டாவது கேள்வி: கிளவுட் டவுன்லோடா, லோக்கலா? கிளவுட் என்றால் சுமார் 4 ஜிபி இறங்கும். தினசரி டேட்டா பேக்கை நம்பி இதில் இறங்காதீர்கள். லோக்கல் என்றால் டிஸ்கில் ஏற்கனவே இருக்கும் சிஸ்டம் ஃபைல்களை வைத்தே கட்டிக்கொள்ளும். முதலில் லோக்கல் போட்டுப் பாருங்கள். சிஸ்டம் ஃபைல் கெட்டிருந்து அது பாதியில் தோற்றால் கிளவுடுக்குப் போங்கள்.

லாகின் திரை வரை மட்டும்தான் வருகிறது என்றால், ஷிஃப்ட் கீயை அமுக்கிக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவும் வரவில்லையென்றால், விண்டோஸ் லோட் ஆகும்போது பவர் பட்டனை நீளமாக அமுக்கி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட் போனால் ரீசெட் இருக்கும். பிட்லாக்கர் போட்ட மெஷின் என்றால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வழி 2: விண்டோஸ் 7 கால மெஷின்

ஆன் பண்ணி கம்பெனி லோகோ வரும்போதே கீயை விட்டு விட்டு அமுக்க வேண்டும். ஏசரில் ஆல்ட் + எஃப்10. எச்பியில் எஃப்11. ஆசஸில் எஃப்9. லெனோவோவின் பல மாடல்களில் பக்கவாட்டிலோ பவர் பட்டன் பக்கத்திலோ நோவோ என்ற குட்டி பட்டன் இருக்கும். அணைந்த நிலையில் அதை அமுக்க வேண்டும், சிலதில் சிம் பின் தேவைப்படும்.

ஏசரில் கீ வேலை செய்யவில்லையென்றால் பயாஸில் டி2டி ரெகவரி எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் யாராவது லினக்ஸ் போட்டு பூட் பகுதியை மாற்றியிருந்தாலும் கீ வேலை செய்யாமல் போகலாம். பார்ட்டிஷன் உயிரோடு இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியும். ரெகவரி என்ற பெயரில், எழுத்து எதுவும் இல்லாமல், 10 ஜிபிக்கு மேல் ஒரு பெட்டி இருந்தால் பெரும்பாலும் அதுதான். சில நூறு எம்பி மட்டும் இருப்பது ரிப்பேர் கருவிகள், அதில் முழு ஓஎஸ் இருக்காது.

ஒரு விஷயம்: விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14லும் சப்போர்ட் முடிந்துவிட்டது. பழைய நிலைக்குக் கொண்டுவந்த மெஷினில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். 2 ஜிபி ரேம் மெஷினுக்கு லுபுன்டு மாதிரி லேசான லினக்ஸ் நல்ல வழி.

வழி 3: பார்ட்டிஷனே இல்லையென்றால்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, நல்ல நெட் உள்ள வேறொரு சிஸ்டம் ஒன்று. மைக்ரோசாஃப்ட் சைட்டிலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, பென் டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். பென் டிரைவில் இருந்தது எல்லாம் அழியும். அக்கா ஃபைலைக் காப்பி பண்ணிய அதே பென் டிரைவை எடுத்துவிடாதீர்கள்!

பிறகு பூட் மெனு. லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் இதைப் பயாஸில் முதலில் எனேபிள் பண்ண வேண்டியிருக்கும். கீ கேட்கும் இடத்தில் "கீ இல்லை" என்று கொடுத்து, மெஷினோடு வந்த அதே எடிஷனை, ஹோம் என்றால் ஹோமையே, தேர்ந்தெடுங்கள். மதர்போர்டில் கீ இருந்தால் நெட் கிடைத்ததும் பெரும்பாலும் தானாக ஆக்டிவேட் ஆகும். டிஸ்க் பட்டியல் வரும்போது அளவைப் பார்த்து சி டிரைவை மட்டும் தொடுங்கள்.

எந்த வழியிலும் ஒரே சதவீதத்தில் திரும்பத் திரும்ப நின்றால் ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகப்படுங்கள். பத்து வருஷம் ஓடிய டிஸ்க் அது.

அழிச்ச பிறகு ஞாபகம் வந்தால்?

உடனே நிறுத்துங்கள். எதையும் இன்ஸ்டால் பண்ணாதீர்கள், நெட்டில் கூட உலாவாதீர்கள். மெஷினை அணைத்து, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். அழிந்த ஃபைலின் இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. இது அன்றைக்கே தெரிந்திருந்தால், நான் அந்த இரண்டு கேமையும் இன்ஸ்டால் பண்ணியிருக்க மாட்டேன்.

உசிலம்பட்டி தம்பியின் மெஷின் வழி 1லேயே, லோக்கல் ரீசெட்டிலேயே சரியாகிவிட்டது. ஆரம்பிப்பதற்கு முன் அவன் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "டெஸ்க்டாப்ல ஏதாவது வச்சிருக்கியா அண்ணே?" என்று கேட்க வைத்தேன். அண்ணன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி ஒன்றும், இறந்துபோன தாத்தாவின் ஒரே ஒரு வீடியோவும் அங்கேதான் இருந்தன. இரண்டையும் காப்பி பண்ணிவிட்டுத்தான் பட்டனை அமுக்கினோம்.

உங்கள் வீட்டு பீரோ மேலேயும் ஒரு லேப்டாப் இருக்கும். அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு பென் டிரைவை மறக்காமல் எடுத்துட்டுப் போங்க. சந்தேகம் இருந்தால் ஹாஸ்டல் பக்கம் வாங்க, உட்கார்ந்து பார்க்கலாம்.