சேவல் மிதியிலிருந்து பெட்டைக் கோழிகளைக் காப்பது எப்படி?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் பாசனப் பகுதிகளில் நெல்லும் வாழையும் பயிரிடும் சிறு உழவர் வீடுகளில் ஐந்தாறு நாட்டுக் கோழிகளாவது இருப்பது வழக்கம். களத்தில் சிந்திய நெல்லையும் தோட்டத்துப் புழு பூச்சிகளையும் பொறுக்கித் தின்னும் ஒரு நாட்டுக் கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள் இடும். வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு உதவுவது பெரும்பாலும் இந்த வருவாயே.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள். ஆனால் சேவல் மிதித்துப் பெட்டை முடமாவது உண்டு. முதுகில் இறகு இழந்து, விலாவில் கிழிபட்ட காயத்துடன் திரியும் கோழி பயந்து ஒதுங்கும், இரை எடுக்காது, முட்டையும் குறையும். காயத்தில் புழு வைத்து இறந்து போவதும் உண்டு. இந்த இழப்பைச் செலவின்றியே தவிர்க்கலாம்.

காரணத்தை அறிதல்

சேவல் இணையும்போது பெட்டையின் பிடரி இறகை அலகால் கவ்வி, முதுகில் ஏறிக் கால்களால் மிதித்து நிலைகொள்கிறது. ஆகவே பிடரி, நடுமுதுகு, இறக்கைக்குக் கீழுள்ள விலா ஆகிய இடங்களில் மட்டும் சேதம் இருந்தால் அது சேவல் மிதியே. எருவாயைச் சுற்றி இறகு கெட்டிருந்தால் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். வால் அடியில் இரத்தக் காயம் இருந்தால் மற்றக் கோழிகள் கொத்தியிருக்கலாம். உடல் முழுதும் இறகு உதிர்ந்து புதிய குருத்து இறகு தோன்றினால் அது இயல்பான இறகுதிர்ப்பு, கவலை வேண்டாம்.

சேவல் எத்தனை தேவை?

முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்கும் முட்டைக்கு மட்டுமே சேவல் வேண்டும். அதற்கும் 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும்.

ஆறு பெட்டைகளுக்கு மூன்று சேவல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சேவல் நாளொன்றுக்குப் பத்து முறை இணைந்தாலும், ஒவ்வொரு பெட்டையும் சராசரியாக ஐந்து முறை மிதிபடுகிறது. ஆனால் ஒரு முறை இணைந்தாலே விந்து பெட்டையின் உடலில் தங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் கருவுள்ள முட்டைகளைத் தரும். செயற்கைக் கருவூட்டல் செய்யும் பண்ணைகளில் வாரத்துக்கு ஒருமுறை விந்து செலுத்துவதே போதுமானதாக உள்ளது. எனவே, எஞ்சிய மிதியெல்லாம் வீண் துன்பமே.

கூடுதல் சேவல்களை நான்கைந்து மாத வயதிலேயே விற்றுவிடுங்கள். கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவலை விற்க இயலாது; அதைப் பெட்டைகளோடு விடாமல் தனியே அடைத்து வளருங்கள்.

சேவலைத் தேர்ந்தெடுத்தல்

சிறுவிடைப் பெட்டைகளுக்குப் பெருவிடைச் சேவலையோ, எடை மிகுந்த கலப்பினச் சேவலையோ விடாதீர்கள். அதன் பளுவைச் சிறிய கோழி தாங்காது. இளஞ்சேவல்கள் முதலில் முரட்டுத்தனமாகத் துரத்தும். வயது ஏறினால் பல அடங்கிவிடும். இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிவந்து, இரையைக் காட்டிப் பெட்டையைக் கூப்பிடும் சேவலே நல்லது. முதிர்ந்த பின்னும் துரத்திப் பிடிக்கும் சேவலைக் கழித்துவிடுவதே மேல்.

சேவலின் நக நுனிகளையும் கால்முள்ளின் கூர்நுனியையும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். கால்முள்ளின் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் அடியோடு வெட்டக் கூடாது.

சேவலை முறைவைத்து விடுதல்

சேவலை நிழலில், தண்ணீர் வசதியுடன், அகலமான பஞ்சாரத்திலோ தனிக் கூண்டிலோ வையுங்கள். குஞ்சு தேவைப்படும் காலத்தில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாலை 3 மணிக்குத் திறந்து, அடையும் நேரம் வரை பெட்டைகளுடன் விடலாம். திறக்குமுன் தானியத்தைப் பரவலாகத் தூவினால் சேவல் பாய்ந்து துரத்துவது குறையும். விட்ட மூன்றாம் நாள் முதல் முட்டைகளைச் சேகரித்து, ஒரு வாரத்துக்குள் அடைவையுங்கள். கோடையில் இன்னும் விரைவாக வைத்தல் நலம்.

குஞ்சு தேவையில்லாத காலத்தில் சேவலை முற்றிலும் பிரித்துவிடலாம். பிரித்துச் சுமார் மூன்று வாரங்கள் சென்றபின் இடும் முட்டைகள் கருவற்றவை. கருவுள்ள முட்டை வெயில் காலத்தில் அடைவைக்காமலே உள்ளே வளரத் தொடங்கிக் கெடும்; கருவற்ற முட்டை அதைவிட நாள்பட நிற்கும். கத்திரி வெயிலில் முட்டை விற்போருக்கு இது தனி ஆதாயம்.

காயமுற்ற கோழிக்குச் சிகிச்சை

1. உடனே பிரித்து, மற்றக் கோழிகளின் கண்ணில் படும்படி பஞ்சாரத்தில் அடையுங்கள். இரத்தம் கண்டால் மற்றவை கொத்தும்.

2. இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் காயத்தைக் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஈ மொய்க்காது.

3. தசை தெரியும் ஆழமான காயத்துக்குத் தையல் தேவைப்படலாம். காலம் தாழ்த்தாமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. காயம் ஆறியபின், கோழிகள் அடையும் மாலை வேளையில் கூட்டத்தோடு சேருங்கள். முறிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பில்தான் முளைக்கும். அதுவரை பழைய கெட்டித் துணியை முதுகளவுக்கு வெட்டி, இறக்கைகளுக்கு இரு வளையம் தைத்து அணிவிக்கலாம். வாரம் ஒருமுறை கழற்றிப் பேன் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அடைக்கோழியையும் குஞ்சுத் தாயையும் எப்போதும் சேவலிடமிருந்து ஒதுக்கி வையுங்கள்.

இன்று மாலை கோழிகளை அடைக்கும்போது ஒவ்வொன்றின் இறக்கையையும் தூக்கி விலாவைப் பாருங்கள். பெட்டைகளையும் சேவல்களையும் எண்ணிக் கணக்கிடுங்கள். மிகுதிச் சேவலைக் குறைத்து, இருப்பதை முறைவைத்து விட்டால், முட்டையும் குறையாது, குஞ்சும் குறையாது, கோழியும் நலமாக இருக்கும்.