கம்பி மத்தாப்பும் கல்யாணப் படமும்

ஒளி இல்லாத கல்யாணம் நம் நாட்டில் இல்லை. முகூர்த்த வேளையில் குத்துவிளக்கு. மாலை வரவேற்பில் வண்ண விளக்கு. இன்று அவற்றோடு கம்பி மத்தாப்பும் சேர்ந்து கொண்டது. உற்றார் உறவினர் இரு வரிசையாய் நின்று மத்தாப்புப் பிடிக்க, நடுவே மணமக்கள் நடந்து வரும் படத்தைப் பலரும் விரும்புகின்றனர். அந்த அழகுக்குப் பின்னே உள்ள விஞ்ஞானத்தையும், நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் இங்கே காண்போம்.

மத்தாப்பு எரிவது எப்படி?

கம்பியின் மேல் பூசிய மருந்தில் உலோகத் தூள்களும், அவை எரிய ஆக்சிஜன் தரும் உப்பும், இவற்றை ஒட்டிவைக்கும் பசையும் உள்ளன. அலுமினியத் தூள் வெண்ணொளி தருகிறது. இரும்புத் தூள் எரிந்து சிதறுவதே பூப்பூவாய்த் தெரிகிறது. கொதிநீரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். மத்தாப்பின் வெப்பமோ 1000 டிகிரியையும் தாண்டும்! முன்பு பேரியம் நைட்ரேட் என்னும் உப்பு பெரிதும் பயன்பட்டது. பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்து, 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஆகவே பசுமைப் பட்டாசு முத்திரை உள்ள பெட்டியையே வாங்க வேண்டும்.

படம் எடுப்பது எப்படி?

முதலில் ஒரு மத்தாப்பைக் கொளுத்தி, எத்தனை நொடி எரிகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். 45 நொடி எரிவதாகக் கொள்வோம். ஒரே விளக்கில் 20 பேர் கொளுத்தினால், கடைசி ஆள் கொளுத்துமுன் முதல் ஆளுடையது அணைந்துவிடும். ஐவருக்கு ஒரு விளக்கு வீதம் நான்கு விளக்குகள் வைத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எரியும்.

மணமக்கள் நடந்து வரும்போது காமிராவின் ஷட்டர் 1/125 நொடி திறந்தால் போதும், முகம் கலங்காது. மத்தாப்பால் காற்றில் எழுதுவதைப் படமாக்க வேண்டுமானால், காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை மூன்று நான்கு நொடி திறந்து வைக்க வேண்டும். அந்நேரம் ஒளி சென்ற வழியெல்லாம் கோடாகப் பதியும். ஆனால் காமிராவைப் பார்த்து நாம் எழுதும் எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும். படத்தைத் திருப்பி அச்சிட்டால் எழுத்து சரியாகும். மணமகளின் முந்தானையோ இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போய்விடும்! வட்டம், தீபம் போன்ற வடிவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எச்சரிக்கை ஏன்?

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்தது. வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின் இணைப்பில் எழுந்த பொறி, கீற்றுப் பந்தலில் பற்றியதே காரணம் எனப்பட்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படம் எடுக்க வைத்த விளக்கே எமனாயிற்று. அங்கே ஒரு பொறி. மத்தாப்பிலோ ஆயிரம் பொறி.

ஆகவே மத்தாப்பைப் பந்தலின் கீழ் கொளுத்தலாகாது. திறந்த வெளியே ஏற்றது. நம் ஊரை அடுத்த காடு 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மலையடிவாரத்தில் கோடையில் காய்ந்த புல் அருகே மத்தாப்பே வேண்டாம்.

பட்டு, மெதுவாகவே எரியும். நைலான், பாலியெஸ்டர் துணிகளோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இடுப்பில் செருகி, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் ஒரு கை நீளமாவது தள்ளி நிற்க வேண்டும். சிறு குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. அணைந்த கம்பியும் சுடும். வெறுங்காலோடு நிற்போர் பலர். எனவே கம்பியைக் கீழே எறியாமல் தண்ணீர் வாளியில் போட வேண்டும். சுட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், குளிர்ந்த குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டி, மருத்துவரை நாட வேண்டும்.

தோழியரே! படம் சரியாக விழாவிட்டாலும் கல்யாணம் கல்யாணந்தான். வந்தவர் அனைவரும் நலமாய் வீடு திரும்புவதே மணமக்களுக்கு நாம் தரும் முதல் சீர். வாளியில் தண்ணீர் நிரப்பிய பின்னரே மத்தாப்புப் பெட்டியைத் திறப்போம்!